ஆக்கும்

நித்திரவிளை ஸ்டேஷனில்
பேரில் மட்டும்தான் நித்திரை.
ஆரணியிலிருந்து மாற்றலாகி
ரைட்டர் நாற்காலியில் பதினொரு நாள்.
தமிழ் எழுதத் தெரியும் என்று
நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆளைக் காணவில்லை என்று வந்தாள் ஞானாபாய்.
ரேஷன் கார்டு,
யாருடைய கல்யாண போட்டோவிலிருந்தோ வெட்டிய முகம்.
சத்தியநேசன், அறுபத்து மூன்று, பால்வெட்டு.
'பால் வியாபாரம்' என்று எழுதினேன்.
"ரப்பர், சாரே."
அடித்தேன்.

"நாரோயில் ஸ்டாண்டுல
பஸ்சு நிக்கியதுக்கு முந்தி சாடிட்டாரு.
போனையும் களஞ்சாரு."
எனக்குத் தெரிந்து பேப்பரில் தலைவர்கள்தான் சாடுவார்கள்.
யாரைச் சாடினார் என்று கேட்டேன்.
எதைக் களைந்தார் என்று கேட்கக் கூச்சம்.
டீயை வைத்த ஏட்டு வில்பிரட்
என் பேனாவைப் பார்த்துச் சொன்னார்:
"குதிச்சாரு. தொலைச்சாரு."

அங்க அடையாளம்:
இடது பெருவிரலில் பால்கத்தி வெட்டு.
தெரிந்த மொழி: தமிழ்.
அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தவனை அவள் விடவில்லை.
"எந்தத் தமிழுன்னு எழுதல்லியே?"

அச்சடித்த இடம் அரை அங்குலம்.
நுணுக்கி நுணுக்கி எழுதினேன்.
பூனையைப் பூச்சை என்பார்.
சோறு பிடித்திருந்தால் கொள்ளாம்.
மறதி வந்த பிறகு
ஓர்மை ஓர்மை என்று
சட்டைப் பையில் தேடுவார்.
சாயங்காலமானால் ஒரு வெப்ராளம்.
"அப்படின்னா என்னம்மா?"
சேலைத் தலைப்பை முறுக்கினாள்,
அவிழ்த்தாள், மறுபடி முறுக்கினாள்.
"இதாக்கும்."

"உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"
"சவமேன்னு."
குடும்பத் தகராறு என்று
தனித்தாள் எடுத்தேன்.

"அத உள்ள வைங்க சாரே.
முப்பத்தெட்டு வருசமா சவமேன்னு கூப்பிட்டவரு
போன மாசம் ஒருநாள்
என் மூஞ்சியப் பாத்து
நீங்க ஆருன்னு கேட்டாரு.
நீங்கன்னு.
அன்னைக்கே வந்திருக்கணும் நான்,
கேசு குடுக்க."

கையெழுத்துப் போடுமுன் சொன்னாள்:
"உயிரோட இருக்காராக்கும்."
'உயிருடன் இருக்கலாம் என மனுதாரர் கருதுகிறார்'
என்று முடித்தேன்.
எங்கள் பக்கம் ஆக்கும் என்பது
தோளைக் குலுக்குகிற சொல்.
இருந்தாலும் இருக்கும், யார் கண்டது.
அவள் போன பிறகு வில்பிரட் வாசித்தார்.
"இங்க அது ஆணி சாரே.
அடிச்சா அடிச்சதுதான்."

'இருக்கலாம்' மேல் கோடு.
பக்கத்தில் 'இருக்கிறார்'.
ஆதாரம் எங்கே என்று டி.எஸ்.பி. கேட்டால்
என்ன சொல்வதென்று
இன்றுவரை தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் ராத்திரி
விழுப்புரத்து இல்லம் ஒன்றிலிருந்து போன்.
"விரல்ல வெட்டு இருக்கு சார்.
ஆனா விடிய விடிய
வெள்ளம் வெள்ளம்னு கத்துறாரு.
சுனாமியில மாட்டுனவரோ என்னவோ.
பயம் போகட்டும்னு மாடிக்கு மாத்திட்டோம்."

பூச்சையோ ஓர்மையோ ஞானாபாய் சொன்னது.
இதை அவள் சொல்லவில்லை.
சொல்லத் தேவையிருக்கும் என்று
அவளுக்குத் தோன்றியிருக்காது.
ஆனால் இந்த முப்பது நாளில்
டீக்கடையில் நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

"தண்ணி குடுங்க" என்றேன்.
"குடிக்க. சொம்பு நிறைய."

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.
ஒரு கதவு.
பிறகு மடக்கு மடக்காக ஒரு தொண்டை,
நிற்காமல்.

வில்பிரட் ரோந்தில்.
லாக்கப்பும் காலி.
சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு
காதில் வைக்கச் சொன்னேன்.
ஆரணி நாக்கு எவ்வளவு வளையுமோ
அவ்வளவு வளைத்து
"எங்கலே கெடக்க, சவமே" என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
அப்புறம் தெளிவாக, கோபமாக:
"ஆருலே அது?"

பன்னிரண்டு வருஷ சர்வீசில்
என்னை யாரும் லே போட்டதில்லை.
எழுந்து நின்றுவிட்டேன்.
"நித்திரவிளை ஸ்டேஷன், அய்யா.
ரைட்டராக்கும்."